ஆப்பிரிக்கத் தலைமணைகளைப் பார்க்கக் கற்றுக்கொள்வது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பிரிக்கக் கலைப்பொருள்கள் வைக்கப்பட்டுள்ள எந்த அருங்காட்சியகத்துக்குச் சென்றாலும் முகமூடிகளுக்கும் பெரிய சிற்பங்களுக்கும் முன்னால்தான் கூட்டம் நிற்கும். அவற்றின் அருகில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத சிறிய மரப்பொருள்கள் சில வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிக்காமலேயே கடந்துவிடுவார்கள். அவை உறங்கும்போது தலையையும் கழுத்தையும் தாங்குவதற்காகச் செதுக்கப்பட்ட மணைகள். எகிப்திலிருந்து தென்னாப்பிரிக்கா வரை, மாலியின் மலைக்குகைகளிலிருந்து சோமாலியாவின் மேய்ச்சல் நிலங்கள் வரை இவை பயன்பட்டிருக்கின்றன. இந்தக் கட்டுரையில் இவற்றைத் தலைமணை என்றே குறிப்பிடுகிறேன்.

புதிதாக இவற்றைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் வேலைப்பாடுகளிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வட்டத்துக்கு என்ன பொருள், இந்த முக்கோணம் எதைக் குறிக்கிறது என்று உடனே கேட்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. தலைமணையின் அலங்காரம் அதன்மேல் சாய்ந்த உடலோடு, அதாவது கூந்தலோடும் கழுத்தோடும் தோலோடும் பிணைந்தது. அந்த உடலை மனத்தில் கொண்டுவராமல் வேலைப்பாட்டை மட்டும் படிக்க முயன்றால், நமக்குக் கிடைப்பவை வெறும் வடிவியல் உருவங்கள்தாம். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் பின்பற்றுங்கள்.

முதற்படி: யார், எப்படிச் சாய்ந்தார் என்று கேளுங்கள்

ஒருக்களித்துப் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டாகிறது. தலைமணையின் உயரம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்கு ஏற்பவே அமைகிறது. முழுத் தலையும் அதன்மேல் அமர்வதில்லை. காதுக்குக் கீழே தாடையும் கழுத்தும் சேருமிடம், மல்லாந்து படுத்தால் பிடரி, அதன் வளைவில் பொருந்துகிறது. தலையின் பெரும்பகுதி தரையையோ பாயையோ தொடாமல் உயர்ந்து நிற்பதால் கழுத்தைச் சுற்றிக் காற்று ஓடுகிறது. கூந்தலும் கலையாமல் இருக்கிறது.

கூந்தல் என்பது இங்கே சிறிய காரணமன்று. கென்யாவின் வடமேற்கிலுள்ள துர்க்கானா ஆண்கள் தலைமுடியைக் களிமண்ணால் பூசி, வண்ணந்தீட்டி, தீக்கோழி இறகு செருகும் வழக்கம் கொண்டிருந்தார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் வாழும் லூபா மக்களிடையே, அடுக்கடுக்காக அருவி விழுவதுபோல் பின்னோக்கி இறங்கும் சிகையலங்காரம் 19ஆம் நூற்றாண்டில் சிறப்புற்றிருந்தது. பல மணி நேரம் அமர்ந்து செய்துகொண்டு, பல வாரங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய அந்த அலங்காரத்தை ஒரே இரவில் நசுக்கிவிட யாருக்கும் மனம் வராது. எத்தியோப்பியாவில் முடிக்கு வெண்ணெய் பூசும் பழக்கம் பரவலாக உண்டு; அங்கிருந்து வந்த பழைய தலைமணைகளின் மேற்புறம் கருத்துப் பளபளப்பதற்குப் பல தலைமுறைக் கொழுப்பு ஊறியதும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள்

எந்தத் தலைமணையையும் மேற்பலகை, தாங்கும் பகுதி, அடித்தளம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். மேற்பலகை சற்றுக் குழிந்திருக்கும். தாங்கும் பகுதி ஒற்றைத் தூணாகவோ, இரட்டைத் தூணாகவோ, துளையிட்ட பலகையாகவோ, மனித உருவமாகவோ, வெறும் கால்களாகவோ இருக்கலாம். அடித்தளம் வட்டமாகவோ நீள்சதுரமாகவோ அமையும். கால்கள் நேரே தரையில் ஊன்றும் வகைகளில் தனி அடித்தளமே இருக்காது.

கையில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம், அடிப்புறம் என நான்கு கோணங்களில் வரைந்து பாருங்கள். ஓவியத்திறன் தேவையில்லை. அருங்காட்சியகங்கள் வெளியிடும் படங்களில் அடிப்புறம் அரிதாகவே காட்டப்படும்; ஆனால் அடித்தளத்தின் வடிவம்தான் பல நேரங்களில் ஊரையும் மரபையும் காட்டிக்கொடுக்கிறது. நேரில் பார்க்கும் வாய்ப்பிருந்தால் குனிந்து பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் தன் சேகரிப்பில் காப்புரிமைத் தடையற்ற பொருள்களின் படங்களை எவரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டிருக்கிறது. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பிலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளைச் சேர்ந்த தலைமணைகளைக் காணலாம். வீட்டிலிருந்தபடியே பயிற்சியைத் தொடங்க இவை போதும்.

மூன்றாம் படி: தேய்மானத்தையும் கருவித் தடத்தையும் தேடுங்கள்

மேற்பலகையின் நடுப்பகுதி அதன் இரு ஓரங்களைவிட வழவழப்பாகவும் கருமையாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். தலை பட்ட இடம் அதுதான். அடித்தளத்தின் விளிம்பு, குறிப்பாகத் தரையோடு உராயும் முனைகள், மழுங்கியிருக்க வேண்டும். வார் கட்டித் தூக்கிச் செல்லப்பட்டதானால், வார் உரசிய இடத்தில் மரம் சிறு பள்ளமாகத் தேய்ந்திருக்கும். மேய்ச்சல் மக்களின் தலைமணைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். துர்க்கானாக்கள் எகிச்சோலோங் என்றழைக்கும் சிறு மணை பகலில் உட்காரவும் இரவில் தலை சாய்க்கவும் பயன்படுவது. ஆண்கள் அதைத் தோல்வாரில் மாட்டிக் கையோடு எடுத்துச் செல்வார்கள்.

சஹாராவுக்குத் தெற்கே உள்ள தலைமணைகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டவை. ஒட்டோ இணைப்போ இல்லை. வாச்சியால் பருமனாகச் செதுக்கி உருவத்தை வெளிக்கொணர்ந்து, கத்தியால் நுணுக்கங்களைத் தீட்டி, காய்ச்சிய இரும்பால் சுட்டுக் கருமையேற்றி, பிறகு எண்ணெயோ கொழுப்போ தேய்த்து முடிப்பது பல இடங்களில் பொதுவான முறை. சுட்டுக் கருக்கிய பரப்பின்மேல் கோடு கீறினால் உள்ளிருக்கும் வெளிர்நிற மரம் தெரிந்து, கோலம் எடுப்பாக நிற்கும். தெற்கு சூடானின் டிங்கா மக்களிடம் வேறொரு வழி உண்டு: இயற்கையாகவே கிளைபிரிந்த கட்டையைத் தேர்ந்தெடுத்து, கிளைகளையே கால்களாக்கி, ஏறக்குறைய ஒரு விலங்கு நிற்பதுபோல் அமைத்துவிடுவார்கள். அங்கே செதுக்குவதைவிடக் கட்டையைக் கண்டெடுப்பதே கலைஞரின் முதல் திறமை.

உடைந்த இடத்தைக் கம்பியாலோ தகட்டாலோ தைத்துச் சீர்செய்திருப்பதைக் கண்டால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். புதிதாக ஒன்றைச் செதுக்கிக்கொள்ள முடிந்தபோதும் பழையதையே ஒருவர் விடாமல் வைத்திருந்தார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

நான்காம் படி: இப்போது வேலைப்பாட்டுக்கு வாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தொடங்குவதற்குச் சிம்பாப்வேயின் ஷோனா தலைமணையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. முட்சாகோ என்பது அதன் ஷோனாப் பெயர்.

ஒரு நல்ல முட்சாகோவை முன்புறமிருந்து பாருங்கள். மேலே மெல்லிய, வளைந்த பலகை. அதைத் தாங்குவது தூணன்று. தட்டையான ஒரு செதுக்குப் பலகை. அதன் நடுவே வட்டத்துக்குள் வட்டமாகக் கீறிய சுருள்கள் இரண்டோ நான்கோ இருக்கும். அவற்றைச் சுற்றி, மேலும் கீழும் நோக்கிய முக்கோணங்கள் கூர் தொட்டு நிற்கும். இடையிலே வெற்றிடங்கள் இருப்பதால் பின்னாலிருந்து ஒளி ஊடுருவும். கீழே அடித்தளத்தை மேலிருந்து பார்த்தால், இரண்டு வட்டங்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது போன்ற வடிவம். அவை சேருமிடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு முக்கோணம் புடைப்பாக நிற்கும். மேற்பலகையின் இரு ஓரங்களிலும், தலை படாத பகுதியில், நுண்ணிய கீற்றுகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும்.

இந்தக் கீற்றுகள் நியோரா எனப்படும் தழும்புக் கோலங்களை ஒத்தவை. ஷோனாப் பெண்கள் முன்பு உடலில் தோலைக் கீறி ஆற்றி, புடைத்த தழும்புகளால் அழகுசெய்துகொண்டார்கள். இந்தத் தலைமணைகளைப் பற்றி ஆழமாக ஆராய்ந்த வில்லியம் டூவி, கீற்றுகளையும் அடித்தளத்து முக்கோணத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்து, முட்சாகோ முழுவதையுமே ஒரு பெண்ணுடலின் சுருக்கமான வடிவமாக விளக்கினார். நடுவிலுள்ள வட்டங்கள் நிடோரோ என்ற சங்குவட்டை நினைவூட்டுகின்றன என்ற கருத்தும் உண்டு. கூம்புச் சங்கின் அடிப்பகுதியை வட்டமாக வெட்டிச் செய்த அந்த அணியைத் தலைவர்களும், ஆவி இறங்கிப் பேசும் ஆவியேறிகளும் அணிந்தார்கள். வெளியிலிருந்து வந்த வணிகர்கள் அதே வடிவத்தைப் பீங்கானில் செய்து விற்கும் அளவுக்கு அதற்கு மதிப்பிருந்தது.

இத்தனைக்கும், இதில் சாய்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். உறக்கத்தில் வரும் கனவின் வழியே முன்னோர்கள் பேசுகிறார்கள் என்பது ஷோனாக்களின் நம்பிக்கை. தலைமணை அந்தச் சந்திப்புக்கான இடம். உரியவர் இறந்தால் அவரோடு புதைக்கப்படுவதும், உறவினருக்குக் கைமாற்றப்படுவதும் உண்டு. குலத்தைத் தொடரச் செய்யும் பெண்ணின் உடலும், குலத்தின் முன்னோர்களும், அவர்களுக்கிடையே உறங்கும் ஆணும் ஓரடிக்கும் குறைவான மரத்துண்டில் சேர்ந்திருப்பதாக இந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். எனக்கு இது ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஆனாலும் இது ஆய்வாளர் ஒருவர் வடிவங்களிலிருந்தும் வழக்காறுகளிலிருந்தும் தொகுத்த வாசிப்பு என்பதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு செதுக்குநரும் இதை நினைத்தே ஒவ்வொரு வட்டத்தையும் கீறினார் என்று கொள்ளக் கூடாது.

அடுத்து லூபா தலைமணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோனாக் கலைஞர் உடலைக் குறிப்பாக உணர்த்திய இடத்தில், லூபாக் கலைஞர் உடலையே செதுக்கி நிறுத்துகிறார். ஒரு பெண்ணோ, எதிரெதிராக அமர்ந்த இருவரோ மேற்பலகையைத் தலையாலும் கைகளாலும் தாங்குவார்கள். பெயர் தெரியாத 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர் ஒருவரை, ‘அருவிக் கூந்தல் கலைஞர்’ என்ற பொருளில் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர் செதுக்கிய பெண்களின் தலையிலிருந்து விசிறிபோன்ற அடுக்குகள் பின்னோக்கிப் பெருகி இறங்குகின்றன. பக்கவாட்டில் நின்று பாருங்கள்: முன்னே நீண்ட கால்களும் கைகளும், பின்னே அதே அளவுக்கு எடையுள்ள கூந்தலும் ஒன்றையொன்று சமன்செய்து, மேலிருக்கும் பலகையைச் சாயாமல் நிறுத்துவதைக் காண்பீர்கள். அணிந்தவரின் கூந்தலைக் காக்கும் பொருளில் அதே கூந்தலே அலங்காரமாகவும் கட்டுமானமாகவும் அமைந்திருப்பது, நான் அறிந்த ஆப்பிரிக்க மரச்சிற்பங்களில் மிகுந்த அறிவுநுட்பம் கொண்ட தீர்வு.

தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடம் உருவம் மறைந்து பரப்பு பேசத் தொடங்குகிறது. இசிகிகி எனப்படும் அவர்களின் தலைமணை நீளமானது; இரண்டு, மூன்று அல்லது அதற்கும் மேற்பட்ட தடித்த கால்கள் கொண்டது. திருமணத்தின்போது மணமகள் தனக்கும் கணவனுக்கும் தலைமணைகளைக் கொண்டுவருவது வழக்கம். கால்களின் பரப்பில் அமசும்பா எனப்படும் சிறு மொட்டுகள் நெருக்கமாக, சதுரமாகவோ முக்கோணமாகவோ அணிவகுத்திருக்கும். மொட்டுகளை ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சுற்றியுள்ள மரம் முழுவதையும் வெட்டியெடுத்து அவற்றை மட்டும் எஞ்சவிட்டிருக்கிறார்கள். இதே மொட்டுகள் பால்கலங்களிலும் இறைச்சித் தட்டுகளிலும் பானைகளிலும் வருகின்றன. மாட்டு மந்தையோடும் உடல் தழும்போடும் இவற்றை இணைத்துப் பேசுவதுண்டு.

சோமாலி மேய்ச்சல் மக்களின் பார்ஷி இலேசானது. சிறிய அடித்தளத்தின்மேல் எழும் தூண்களில் பின்னல் கோலம் நெருக்கமாகக் கீறப்பட்டிருக்கும். எத்தியோப்பியாவின் தெற்கிலும் மேற்கிலும் கூம்பு வடிவ அடித்தளத்தின்மேல் அகன்ற மேற்பலகை அமர்ந்த வகை மிகுதி. அங்கே அலங்காரத்தைவிட வடிவத்தின் தூய்மையே கண்ணை நிறுத்துகிறது.

எகிப்தை இந்தப் படியின் இறுதிக்கு ஒதுக்கியது வேண்டுமென்றேதான். பழமையில் அதற்கு ஈடில்லை. பெரும் பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்திலிருந்தே மரத்திலும் கல்லிலும் செய்த தலைமணைகள் கல்லறைகளில் கிடைத்துள்ளன. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த துட்டன்காமன் கல்லறையிலும் பல தலைமணைகள் இருந்தன. அவற்றில் தந்தத்தாலான ஒன்றில், காற்றின் கடவுளான ஷூ மண்டியிட்டு இரு கைகளாலும் வளைந்த மேற்பலகையை ஏந்துகிறார். அவருக்கு இருபுறமும் ஒவ்வொரு சிங்கம் படுத்திருக்கிறது. சிங்கங்கள் கிழக்கு, மேற்கு அடிவானங்கள். அரசனின் தலை அந்த வளைவில் சாயும்போது, இரு அடிவானங்களுக்கிடையே மறைந்து மறுபடியும் எழும் கதிரவனாகிறது. இங்கும் வேலைப்பாடு நிறைவுறுவது தலை வந்து சேரும்போதுதான். காட்சிப்பெட்டிக்குள் வெறுமையாக நிற்கும் தலைமணை பாதிதான். உயிரோடிருப்பவர்கள் பயன்படுத்தியவற்றில் பேஸ் என்ற குள்ளத் தெய்வத்தின் உருவம் அடிக்கடி வரும். உறங்குபவரை இரவில் காப்பது அவர் பொறுப்பு.

ஐந்தாம் படி: பெயர்ப்பலகையைக் கடைசியாகப் படியுங்கள்

அருங்காட்சியகப் பெயர்ப்பலகையில் ‘ஷோனா’, ‘சோங்கா’, ‘ஜூலு’ என்ற இனப்பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதை முடிவான அடையாளமாகக் கொள்ளாதீர்கள். தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், பெண் கொடுத்து எடுத்தார்கள், செதுக்குநர்கள் அண்டை ஊருக்கும் செய்து கொடுத்தார்கள். ஒரு பாணிக்கு ஓர் இனம் என்று இறுகக் கட்டிவைக்கும் வகைப்பாட்டைத் தென்னாப்பிரிக்கக் கலை வரலாற்றாளர் அனித்ரா நெட்டில்டன் விரிவாகக் கேள்விக்குட்படுத்தியிருக்கிறார். எனவே பெயர்ப்பலகையில் மூன்று செய்திகளைத் தனித்தனியாகத் தேடுங்கள்: எங்கே பெறப்பட்டது, எப்போது பெறப்பட்டது, யாரிடமிருந்து யார் பெற்றார். இவை இல்லாமல் இனப்பெயர் மட்டும் இருந்தால், அது வடிவத்தைப் பார்த்துப் பின்னர் வைத்த பெயராக இருக்கக்கூடும்.

ஒப்புமையிலும் எச்சரிக்கை தேவை. 1891இல் பெரும் சிம்பாப்வே இடிபாடுகளை ஆராயச் சென்ற ஆங்கிலேயப் பயணி தியோடர் பென்ட், அங்கு மக்கள் பயன்படுத்திய மரத் தலைமணைகளை எகிப்தியத் தலைமணைகளோடு ஒப்பிட்டார். அந்தக் கல்நகரத்தை உள்ளூர் மக்கள் கட்டியிருக்க முடியாது, வெளியிலிருந்து வந்தவர்களே கட்டினார்கள் என்று வாதிட்டவரும் அவரே. அந்த வாதம் தவறென்று பின்னர் வந்த தொல்லியல் ஆய்வுகள் நிறுவிவிட்டன. இரண்டு தலைமணைகள் ஒன்றுபோல் தோன்றுவதற்குக் கழுத்தின் அமைப்பு ஒன்றாக இருப்பதே போதிய காரணம். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று சொல்ல வேறு சான்றுகள் வேண்டும்.

ஆறாம் படி: வாங்க நினைத்தால்

சுற்றுலாச் சந்தைக்காகப் புதிதாகச் செய்யப்பட்டவை ஏராளமாக விற்கின்றன. அவற்றைப் புதியவை என்று தெரிந்து, செதுக்கியவருக்கு உரிய விலை கொடுத்து வாங்குவதில் எந்தப் பிழையும் இல்லை. பழையது என்று சொல்லி விற்கப்படும்போது மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்: தலை படாத அடிப்புறமும் உட்குழிவுகளும் மேற்பலகையைப் போலவே சீராகக் கருத்திருந்தால், அது சாயமோ காலணி மெருகோ பூசியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாலியின் பண்டியகாரா மலைச்சரிவுக் குகைகளைச் சேர்ந்த ‘டெல்லம்’ தலைமணை என்று யாராவது விற்க முன்வந்தால் விலகிவிடுங்கள். டோகோன் மக்களுக்கு முன் அங்கு வாழ்ந்தவர்கள் இறந்தோருடன் வைத்த அப்பொருள்கள், சஹாராவுக்குத் தெற்கே எஞ்சியுள்ள மிகப் பழைய மரவேலைகளுள் சில; ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளை எட்டுபவையும் அவற்றில் உண்டு. அவை சந்தைக்கு வந்தால் பெரும்பாலும் கல்லறையைக் கொள்ளையடித்தே வந்திருக்கும். 1993இல் அமெரிக்கா இப்பகுதிப் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது இதனால்தான். தந்தத்தாலான தலைமணையையும் வாங்காதீர்கள். ஆப்பிரிக்கத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் முடிவு 1989இல் எடுக்கப்பட்டது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1991இல் வந்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகத்தையும் தடைசெய்துவிட்டது.

முறையாகக் கைமாறிய ஒரு தலைமணை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், அதற்கு எண்ணெய் பூசாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மேற்பலகையில் படிந்திருக்கும் கருமைதான் அதில் சாய்ந்தவர் விட்டுச்சென்ற ஒரே பதிவு. தேய்த்துக் கழுவினால் அது திரும்ப வராது. உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டி, வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உளுத்தூள் தென்பட்டால் உடனே மற்ற மரப்பொருள்களிலிருந்து பிரித்து வைத்து, மருந்து எதையும் நீங்களாகத் தெளிக்காமல், அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். வாங்கிய இடம், நாள், விற்றவர் சொன்ன செய்திகள் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி, உங்கள் நான்கு கோண வரைபடங்களோடு சேர்த்து அதனுடனேயே வைத்திருங்கள். பொருள் வேறு கைக்குப் போகும்போது அந்தத் தாளும் கூடவே போக வேண்டும்.